பிரிக்காத கட்டு

இந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா, மேடம்? உடம்புக்கு ஒன்றும் இல்லை. காகிதம் படபடத்தால் என் கை தானாகப் போய் அமுக்கும், பேச்சு விட்டுப்போகும். கல்மண்டபத்தில் என் கடையில் விசிறியே கிடையாது. சித்திரை மாத வெயிலிலும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நோட்டு மாற்றுகிறவன் காற்றுக்கு ஆசைப்படக் கூடாது.

ஏட்டய்யா எழுதுவதற்குத் தோதாக நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் சுயம்பு. சொந்த ஊர் நாசரேத் பக்கம். பெயர் தாத்தாவுடையது, மற்றபடி நாங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்கள். வாலிப வயதில் ராயபுரத்துக்கு வந்தேன். துறைமுகத்தில் இறங்குகிற கப்பல்காரர்களிடம் அவர்கள் ஊர்ப் பணத்தை வாங்கிக்கொண்டு நம் பணத்தைக் கொடுப்பது என் தொழில். சின்னக் கடைதான், ஆனால் கை சுத்தம். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிது. பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போன மாதம் இதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு புகார் கொடுத்தேன். என் மகன் ஷிபினுக்கு நான் கொடுத்தனுப்பிய ரூபிள் நோட்டுகளை அவன் சிநேகிதன் யாசின் எடுத்துக்கொண்டு, செல்லாத நோட்டை வைத்துவிட்டான், அதனால்தான் என் மகன் ரஷ்யாவில் நாதியில்லாமல் செத்துப்போனான் என்று எழுதிக் கொடுத்தேன். நீங்களும் நம்பினீர்கள். யாசின் இப்போது புழல் சிறையில் இருக்கிறான். அந்தப் புகாரில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் ரூபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. டாலரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், எந்த வருடத்து டாலரும் டாலர்தான். ரூபிள் அப்படியில்லை. தொண்ணூற்று மூன்றில் சோவியத் காலத்து நோட்டெல்லாம் செல்லாது என்று திடீரென்று சொன்னார்கள். தொண்ணூற்றெட்டில் மூன்று சைபரை வெட்டி, ஆயிரம் ரூபிளை ஒரு ரூபிள் ஆக்கினார்கள். வெட்டுவதற்கு முந்தைய நோட்டை வங்கியில் மாற்றிக்கொள்ளக் கெடு வைத்தார்கள். அந்தக் கெடு முடிந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் காகிதம் லேசில் அழியாதே. கப்பல்காரர்களின் பெட்டி அடியிலும் என்னைப் போன்றவர்களின் பிஸ்கட் டப்பாவிலும் கிடக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஐயாயிரம் ரூபிள் நோட்டில் கோட்டையும் கொடியும் இருக்கும். இன்றைக்குச் செல்லுகிற ஐயாயிரத்தில் ஒரு பெரிய பாலம் இருக்கும். தெரிந்தவன் வருடத்தைப் பார்ப்பான். தொண்ணூற்றேழோ அதற்குப் பிறகோ இருந்தால் பணம், அதற்கு முன்னால் என்றால் வெறும் தாள். தெரியாதவன் ஐயாயிரம் என்ற எண்ணைப் பார்ப்பான், பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுவான். அந்தப் பழைய தாளையும் நான் தூக்கிப் போடுவதில்லை. நோட்டு சேர்க்கிற பைத்தியங்கள் ஊரில் இருக்கிறார்கள், விலை கொடுத்து வாங்குவார்கள். சில்லறைக் காசு விஷயம் வேறு. வெளிநாட்டுக் காசை எந்தக் கடைக்காரனும் மாற்ற மாட்டான், கனம்தான் மிச்சம். கப்பல்காரர்கள் மேசையில் விட்டுவிட்டுப் போவதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பேன்.

இன்னொன்று, கட்டு. எங்கள் வட்டத்தில் பெரிய தொகை கைமாறினால் காக்கித் தாளில் சுற்றி, வெள்ளை நூலைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, முடிச்சை உள்ளே மடக்கிவிடுவோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு முடிச்சு. அவிழ்த்துவிட்டு அதே மாதிரி திரும்பப் போட அந்தக் கடை ஆளால்தான் முடியும். வாங்குகிறவன் அதைக் கொடுத்தவன் முன்னால் பிரிக்கவே மாட்டான். பிரித்தால், உன்னை நம்பவில்லை என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னதாக ஆகும். அப்படி ஒரு கட்டைப் பிரித்ததால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அற்றுப்போன குடும்பம் மண்ணடியில் இருக்கிறது. தம்பி மகள் கல்யாணத்துக்குக் கூட அண்ணன் போகவில்லை.

என் முடிச்சு என்னைத் தவிர ஒருவனுக்குத்தான் தெரியும், யாசினுக்கு. காலேஜில் படிக்கிற காலத்தில் சாயங்காலம் கடையில் வந்து உட்காருவான். நல்ல விரல் அவனுக்கு. ஷிபினுக்கும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். அதெல்லாம் நமக்கு வராது என்று எழுந்து போய்விட்டான்.

ஷிபின் எங்களுக்கு ஒரே பிள்ளை. வீட்டில் நானும் என் சம்சாரம் சுகிர்தமும் நாசரேத் பேச்சுதான் பேசுவோம். அவன் வாயில் வந்ததெல்லாம் ராயபுரம். அம்மா எதிரில் என்னை அப்பா என்பான், தனியாக இருந்தால் நைனா. கண்டிப்பேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பிடிக்கும். எண்ணூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தான். அந்த வேலை முடிந்து வீட்டில் இருந்தபோது, கடைக்கு வந்து உட்காரச் சொன்னேன். இத்தனை வருடம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யாருக்காக? அவன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னான்.

"அடுத்தவன் நோட்ட தடவிகினு குந்தியிருக்க சொல்றியா? எனக்கு பேஜாரா கீது."

சுகிர்தம் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்குப் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவிவிட்டேன்.

பிறகு யாசின் அந்த வேலையைச் சொன்னான். அவன் துறைமுகத்தில் சரக்குக் காகிதங்கள் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் இருக்கிறான். அந்தப் பழக்கத்தில், ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊரில் மீனைக் குளிர்பதனம் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்துகொண்டான். ஒரு ரூபாய் கமிஷன் வாங்கவில்லை. நான் இரண்டு கப்பல்காரர்களிடம் விசாரித்தேன். கம்பெனி நிஜம், வேலை நிஜம், சம்பளமும் நிஜம். அதையெல்லாம் புகாரில் நான் சொல்லவில்லை. இப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷிபின் கிளம்பியே தீருவேன் என்றான். சுகிர்தம் அவன் பக்கம்.

"போகட்டும்ங்க," என்றாள். "உங்க நிழல்லயே எத்தன காலத்துக்கு நிப்பான்?"

நான் கத்துகிற மனிதன் இல்லை. கையை ஓங்கினதும் இல்லை. சண்டை போட்டுத் தடுத்தால் என்னை வெறுப்பான். தானாகப் போய், தானாகத் திரும்பி வந்தால் அடங்கி உட்காருவான். இப்படித்தான் யோசித்தேன். எந்தத் தகப்பனும் இப்படித்தான் யோசிப்பான். சின்ன வயதில் ஒருமுறை என்னோடு கோபித்துக்கொண்டு காலடிப்பேட்டையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டான். நான் அவளுக்குப் போன் பண்ணி, சோறு போடாதே என்று சொன்னேன். அவள் மனசு கேட்காமல் திட்டினாள், ஆனாலும் போடவில்லை. சாயங்காலம் வந்துவிட்டான். அன்றைக்கு நானே பிசைந்து ஊட்டிவிட்டேன், என் மடியில்தான் தூங்கினான். பசி ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வரும் என்று நான் அப்போது தெரிந்துகொண்டேன்.

அந்த ஊர் விமான நிலையத்தில், உள்ளே வருகிறவன் கையில் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று காட்டச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வந்த வழியே ஏற்றிவிடுவார்கள் என்று கப்பல்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். நம் ஊர் வங்கி அட்டை எதுவும் அங்கே வேலை செய்யாது. கையில் கொண்டுபோகிற ரூபிள்தான் கதி. அதனால் ஷிபின் தன் சேமிப்பு முழுவதையும், சுகிர்தம் கழற்றிக் கொடுத்த சங்கிலியை விற்ற பணத்தையும் என்னிடம் கொடுத்து, ரூபிளாக மாற்றித் தரச் சொன்னான். வெளியில் யாரிடமும் கேட்கவில்லை. அப்பன் இருக்கும்போது வேறு எங்கே போவான்?

நான் மாற்றினேன். அப்போது துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் ஆட்களிடம் பேரம் பேசி, நல்ல விலைக்கு, எல்லாம் பாலம் போட்ட நோட்டாக வாங்கினேன். அவன் பணத்தில் ஒரு பைசா நான் தொட்டதில்லை. அந்த நோட்டையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி, கடை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் திரும்பி வந்ததும் கொடுக்க வேண்டும் என்று.

பிறகு ஒரு மத்தியானம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, பிஸ்கட் டப்பாவை எடுத்தேன். கோட்டையும் கொடியும் போட்ட நோட்டுகளில் கிழிசல் இல்லாததாகப் பொறுக்கினேன். காக்கித் தாளில் சுற்றி, நூல் ஓட்டி, என் முடிச்சைப் போட்டேன். மனசு உறுத்தவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பிள்ளைக்கு ஊசி போடக் கூட்டிப் போகிற மாதிரிதான் இருந்தது, ஒரு நிமிடம் அழுவான், அப்புறம் சரியாகிவிடுவான்.

கிளம்புகிற அன்று காலையில் சுகிர்தம் ஜெபம் பண்ணினாள். யாசின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தலை குனிந்து நின்றான். ஜெபம் முடிந்ததும் நான் கட்டை நீட்டினேன். மனசாட்சிக்கு விரோதமாக இருக்கக் கூடாது என்று, பிரித்துப் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன். சுகிர்தத்தைக் கேளுங்கள், அவளும் கேட்டாள்.

ஷிபின் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா நைனா, உன் கட்ட நான் பிரிப்பனா?"

அம்மா எதிரில் அவன் என்னை நைனா என்று சொன்னது அன்றைக்குத்தான். கட்டை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டான். கடை வேண்டாம் என்றவன், முடிச்சைக் கற்க மாட்டேன் என்றவன், அந்த ஒரு மரியாதையை மட்டும் எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தான். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்து செல்லுகிற ரூபிள் காசாகப் பார்த்து ஒரு சுருக்குப் பையில் போட்டு வைத்திருந்தேன், டீ குடிக்க வைத்துக்கொள் என்று அதையும் கொடுத்தேன். காசு நல்ல காசு, மேடம். அதில் ஒரு குறையும் கிடையாது.

யாசின்தான் பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையம் வரை போனான். நான் கடையைத் திறக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காசிமேட்டில் நல்ல வஞ்சிரம் வந்திருந்தது. முழு மீனாக வாங்கினேன். ரெண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று சுகிர்தம் சடைத்துக்கொண்டாள். செல்லாத நோட்டைக் காட்டினால் அங்கேயிருந்தே திருப்பி ஏற்றிவிடுவார்கள், அடுத்த விமானத்தில் வந்துவிடுவான், பசியோடு வருவான் என்று என் கணக்கு. அதை அவளிடம் சொல்ல முடியுமா? சும்மா வறுத்து வை என்றேன்.

சாயங்காலம் ஷிபின் போன் பண்ணினான். இறங்கிவிட்டானாம். யாரும் பணத்தைக் காட்டச் சொல்லவில்லையாம். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்களாம். பனி கொட்டுகிறது என்று குழந்தை மாதிரிக் கத்தினான். உன் காசு இங்கே செல்லுது, அதைக் கொடுத்துத்தான் பஸ்ஸில் ஏறினேன், டீ குடித்தேன் என்றான். சுகிர்தம் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வஞ்சிரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

கம்பெனி ஆட்கள் அவனைப் பார்த்திருக்கிறார்கள். வைத்தியப் பரிசோதனையும் காகிதங்களும் முடிந்த பிறகுதான் வேலை, அதுவரை உன் செலவில் தங்கிக்கொள் என்று ஒரு விடுதியைக் காட்டியிருக்கிறார்கள். அதுவும் முன்கூட்டியே தெரிந்ததுதான், அதற்குத்தானே ரூபிள். விடுதிக்காரி வாடகை கேட்டபோது கட்டைப் பிரித்திருக்கிறான். அவள் நோட்டைப் பார்த்துச் சிரித்தாளாம். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாளாம். அங்கே தங்கியிருந்த ஓர் உஸ்பெகிஸ்தான் ஆள், கொஞ்சம் இந்தி தெரிந்தவன், இது நீ பிறப்பதற்கு முந்தைய நோட்டு என்று விளக்கிச் சொல்லியிருக்கிறான்.

நான் கடையில் இருந்தபோது அந்தப் போன் வந்தது. என்னென்ன பேசினோம் என்று அப்படியே சொல்கிறேன்.

"நைனா, கட்டுல இருக்கறது அத்தினியும் பழசாம். செல்லாதாம்."

விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டு அழுவான் என்றுதான் நான் தயாராக இருந்தேன்.

"நீதான கட்டுன?" என்றான்.

"நான் கட்டும்போது எல்லாம் சரியாத்தாம்ல இருந்துச்சு. முடிச்சு எப்படி இருந்துச்சு?"

"அப்டியேதான் இருந்துது. உன் முடிச்சுதான்."

"அந்த முடிச்சு போடத் தெரிஞ்சவன் வேற யாரு இருக்கா?"

அவ்வளவுதான் நான் கேட்டது. யாசின் பெயர் என் வாயில் வரவில்லை. ஏட்டய்யா அதை மறக்காமல் எழுதிக்கொள்ளட்டும். போனில் ஷிபினுக்குப் பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு, பையை யாசின்தானே தூக்கிக்கொண்டு வந்தான் என்று மெல்லச் சொன்னான். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அழுதான். வளர்ந்த பிறகு அவன் அழுது நான் கேட்டதில்லை.

கிளம்பி வந்துவிடு, டிக்கெட் போடுகிறேன் என்றேன். வெறுங்கையோடு வந்து யாசின் மூஞ்சியில் விழிக்க மாட்டேன், சம்பாதித்துக்கொண்டுதான் வருவேன் என்றான். வேலை சேரும் வரை கொஞ்சம் பணம் மட்டும் அனுப்பு என்றான். வங்கி வழியில்லை, யார் மூலமும் அனுப்ப முடியாது என்று சொன்னேன்.

அது பொய். அந்த ஊரில் எனக்கு ஆள் உண்டு. பல வருடம் என் கடைக்கு வந்துபோன மாலுமி ஒருவர், வயதாகி அங்கேதான் வீட்டோடு இருக்கிறார். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவார். ஒரு போன் போட்டிருந்தால் அரைமணி நேரத்தில் அவன் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். ஷிபின் மறுபடியும் கேட்டான், அதற்கப்புறமும் கேட்டான். சுகிர்தம் என் காலைப் பிடிக்காத குறை. ஒவ்வொரு முறையும் வழியில்லை என்றேன். நல்ல நோட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் பசித்தால் வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

வரவில்லை. விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த உஸ்பெக் ஆள் தன் கூட்டத்தோடு சேர்த்துக்கொண்டான். அந்த ஊரில் கூரை மேல் பனி குவிந்துவிடுமாம், அது ஆள் தலையில் விழாமல் மேலே ஏறி மண்வெட்டியால் தள்ள வேண்டுமாம். அன்றாடம் கூலி கையில் கொடுப்பார்கள். ராயபுரத்தில் பிறந்த பிள்ளை, ஐஸைக் காசிமேட்டு மீன் பெட்டியில் பார்த்ததுதான். கயிறு கட்டியிருந்ததாக ஒருவர் சொன்னார், கட்டவில்லை என்று ஒருவர் சொன்னார். கூரையிலிருந்து விழுந்துவிட்டான். விழும்போது அவன் பைக்குள் கம்பெனியின் கடிதம் இருந்ததாம், அடுத்த திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொல்லி.

உடம்பு வந்து சேர நாளாயிற்று. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். சுகிர்தம் பெட்டி மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, குளிருதால மக்கா, குளிருதால என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காசிமேட்டுக் கல்லறைக்கு யாசின்தான் முன்பக்கம் தோள் கொடுத்தான். அழுது அழுது அவனுக்கு முகமே வீங்கியிருந்தது. ஷிபின் தன்னிடம் பேசுவதை ஏன் நிறுத்திவிட்டான் என்று கல்லறை வாசலில் என்னிடம் கேட்டான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

அடக்கம் முடிந்த பிறகு சுகிர்தம் என் போனை எடுத்து, ஷிபின் அனுப்பிய குரல் செய்தியெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் ஒன்று யாசினைப் பற்றியது. அதை அவளிடம் நான் போட்டுக் காட்டியிருக்கவில்லை. கேட்டதும் எழுந்து, தலையை முடிந்துகொண்டு, ஸ்டேஷனுக்கு வாங்க என்றாள். நான் மறுத்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். நீங்களும் கேட்டீர்கள், முடிச்சு யாருக்குத் தெரியும், பை யார் கையில் இருந்தது என்று. கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன்.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். பத்து ரூபாய் மிட்டாய்க்குக் கூடப் பொய் சொல்லாத பையன் யாசின், ஆனால் இளவயது, வெளியே வந்து பிழைத்துக்கொள்வான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். நேற்று அவன் அம்மா பதுருன்னிசா கடைக்கு வந்தாள். புருஷன் இல்லாதவள், துணி தைத்து அந்தப் பிள்ளையை ஆளாக்கினவள். பக்கத்துத் தெருதான். பெருநாளைக்கு பிரியாணி கொடுத்தனுப்புவாள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக் கொடுத்தனுப்புவோம். வந்தவள் உட்காரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவள் கையில் எப்போதும் கிடக்கிற வளையல்கள் இல்லை.

"எம் புள்ள கை வச்சது தப்புதான் அண்ணே," என்றாள். "நீங்க புள்ளயவே குடுத்துட்டு நிக்கிறீங்கோ. என்னால இத்ததான் குடுக்க முடியும். அதே ரூபிளாத்தான் வாங்கியாந்தேன்."

வளையலை விற்று, துறைமுகத்து வாசலிலும் மண்ணடியிலும் அலைந்து, யார் யாரிடமோ கேட்டு ரூபிள் வாங்கியிருக்கிறாள். எடுத்த பொருளை அதே பொருளாகத் திருப்பினால்தான் கடன் தீரும் என்று நினைத்திருக்கிறாள். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். பாதிக்குப் பாதி கோட்டையும் கொடியும். யாரோ அவளை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். எதற்கு இன்னும் அழ வைக்க வேண்டும் என்று, சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை இங்கே கொண்டுவந்தது. சிறைக்குப் போய் யாசினைப் பார்த்திருக்கிறாள். அவன் தொடவேயில்லை என்று சொல்லியிருக்கிறான்.

"அல்லா மேல சத்தியம் பண்றான் அண்ணே. நான் நம்பல. சுயம்பு அண்ணன் பொய் சொல்ல மாட்டாரு, நீதான்டா பொய் சொல்றேன்னு அவன் மூஞ்சிக்கி நேராவே சொல்லிட்டு வந்துட்டேன். அதுலேர்ந்து சோறே துன்னலியாம். என்னியும் பாக்க மாட்டேன்றான்."

பெற்ற தாய், மேடம். தன் பிள்ளை வார்த்தையைத் தள்ளிவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டாள். அவள் போன பிறகு நான் கடையை மூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை பட்டினி கிடப்பது இப்போது எனக்குப் பொறுக்கவில்லை. யாசின் எதையும் மாற்றவில்லை. அந்தக் கட்டை அவன் தொட்டதுகூட இல்லை, பையைத்தான் தூக்கினான். செல்லாத நோட்டைப் பொறுக்கியதும், கட்டியதும், பொய் சொன்னதும், பணம் அனுப்பாமல் பிள்ளையைப் பட்டினி போட்டதும் நான். ஷிபினை அந்தக் கூரை மேல் ஏற்றியது நான். எழுதியாயிற்றா?

இதோ, பதுருன்னிசா கொடுத்த பொட்டலம். செல்லுவது மேலே, செல்லாதது கீழே, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று பிரித்து வைத்திருக்கிறேன். இது அலமாரிச் சாவி. ஷிபினுடைய நல்ல நோட்டு அதில் இருக்கிறது, சுகிர்தத்திடம் கொடுத்துவிடுங்கள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நீங்களே ஒரு பெண், நீங்கள் சொன்னால் பதமாகச் சொல்வீர்கள். யாசினை இன்றைக்கே விட முடியாவிட்டாலும், அவன் அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. என் போன் உங்களிடம் சாட்சியாக இருக்கிறது. வழக்கு எப்படிப் போனாலும் ஷிபினின் அந்தக் கடைசிச் செய்தியை அழித்துவிட வேண்டாம். கூரை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பேசியது, பல் கிடுகிடுக்கிறது, காற்று இரைகிறது. யாசினை விடாதே என்கிறான், நீ கவலைப்படாதே என்கிறான், உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறான். உங்களுக்கு அது யாசினுக்கு எதிரான சாட்சி, எனக்கு அப்படியில்லை. நீங்களே இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள், மேடம். அவன் குரலில் என் மேல் துளிகூடக் கோபம் இருக்காது.